நரம்பு நஞ்சுகளும் நமது பாதுகாப்பும்

1958ஆம் ஆண்டு கேரளத்தில் கோதுமை மாவாலான பண்டங்களை உண்டோர் திடீரென நோயுற்றனர். நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். பாரத்தியான் என்னும் பூச்சிக்கொல்லி மாவில் கலந்திருந்ததே காரணம். உணவுப் பொருளும் பூச்சிக்கொல்லியும் ஒரே கப்பலில் ஏற்றி வரப்பட்டபோது, கசிந்த மருந்து மூட்டைகளில் ஊறிவிட்டது. டாக்டர் சி. ஓ. கருணாகரன் இதனை அவ்வாண்டே இந்திய மருத்துவச் சங்க இதழில் விவரித்து எழுதினார்.

இந்நிகழ்ச்சியை இரசாயனப் போர்க்கருவிகளோடு சேர்த்து எண்ணுவதற்குக் காரணம் உண்டு. ஜெர்மானிய விஞ்ஞானி ஷ்ராடர் புதிய பூச்சிக்கொல்லிகளைத் தேடி ஆராய்ந்தபோதுதான், 1936இல் டாபுன் என்னும் நஞ்சு கிடைத்தது. 1938இல் சாரின் வெளிப்பட்டது. பாரத்தியானும் அவரது ஆராய்ச்சியில் பிறந்ததே. மூன்றும் கரிமப் பாஸ்பரஸ் சேர்மங்கள். வீரியத்தில் வேறுபட்டாலும் செயலில் ஒத்தவை.

நரம்பின் கட்டளையைத் தசைக்கு எடுத்துச் செல்லும் பொருள் அசிட்டைல்கோலின். பணி முடிந்ததும் அதனைச் சிதைக்க உடலில் ஒரு நொதி உண்டு. இந்நஞ்சுகள் அந்நொதியை முடக்கிவிடுகின்றன. ஆகவே கட்டளை ஓயாமல் நீடிக்கிறது: கண்மணி சுருங்கும், உமிழ்நீரும் வியர்வையும் பெருகும், தசை துடிக்கும், முடிவில் மூச்சு நின்றுவிடும். அட்ரோபின், பிராலிடாக்சிம் ஆகிய மருந்துகளை மருத்துவர் காலந்தாழ்த்தாது செலுத்தினால் உயிர் பிழைக்கலாம்.

களப் பணியாளர் மூன்று செய்திகளை மனத்திற் கொள்ளவேண்டும். முதலாவது, நஞ்சு தோல் வழியாகவும் உட்புகும். ஆதலின் நோயாளியின் ஆடையைக் களைந்து சோப்பும் மிகுந்த நீரும் கொண்டு கழுவுக. இரண்டாவது, உதவச் செல்பவர் முதலில் தம்மைக் காத்துக்கொள்ளுக. 1995இல் டோக்கியோ சுரங்க ரயிலில் சாரின் பரப்பப்பட்டபோது, நோயாளிகளின் ஆடையிலிருந்து எழுந்த ஆவியால் மருத்துவமனை ஊழியர்களும் பாதிக்கப்பட்டனர். மூன்றாவது, சிந்திய மருந்தை நீரூற்றிக் கிணற்றுக்கோ வாய்க்காலுக்கோ தள்ளலாகாது. மணலோ மண்ணோ தூவி உறிஞ்சச் செய்து, தனியே மூடி வைத்து, அதிகாரிகளிடம் ஒப்படைக்கவேண்டும்.

கேரள நிகழ்ச்சிக்குப் பின் விசாரணைக் குழு அமைக்கப்பட்டது. 1968இல் பூச்சிக்கொல்லிகள் சட்டம் பிறந்தது. பூச்சிக்கொல்லி உணவுப் பொருளைத் தொடும்படி அதனை ஏற்றிச் செல்வதையும் சேமிப்பதையும் 1971ஆம் ஆண்டு விதிகள் தடுக்கின்றன. உலக அளவில் இரசாயனப் போர்க்கருவித் தடை உடன்படிக்கை 1997இல் நடைமுறைக்கு வந்தது. இந்தியா தான் அறிவித்த கையிருப்பு முழுவதையும் 2009இல் அழித்து முடித்தது.

போர்க்கருவி அழிந்தாலும் அதன் இனத்தைச் சேர்ந்த மருந்துகள் வயலிலும் கிடங்கிலும் இருக்கவே செய்கின்றன. காலியான மருந்து டப்பாவில் அரிசியோ எண்ணெயோ நீரோ வைக்கலாகாது என்பதை ஆசிரியர்கள் மாணவர்க்கு வலியுறுத்துவார்களாக. 1958இல் உயிர்களைக் கவர்ந்தது பகைவனின் குண்டன்று. சரக்குகளைப் பிரித்து வைக்கத் தவறிய கவனக்குறைவே.