பரம்பரையாக வரும் குடல் புற்றுநோய்: யார், எப்போது பரிசோதிக்க வேண்டும்?

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் 1895-இல், நோயியல் நிபுணர் ஆல்ட்ரெட் வார்த்தினிடம் அவர் வீட்டுத் தையல்காரப் பெண் ஒரு கவலையைச் சொன்னார். தன் குடும்பத்தில் பலரும் குடலிலோ வயிற்றிலோ கருப்பையிலோ புற்றுநோய் வந்துதான் போகிறார்கள், தனக்கும் அதே கதிதான் என்றார். அப்படியே இளம் வயதில் கருப்பைப் புற்றுநோயில் இறந்தும் போனார். வார்த்தின் அந்தக் குடும்பத்தின் கிளைகளை விசாரித்து 1913-இல் கட்டுரை எழுதினார். அன்றைய மருத்துவ உலகம் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. 1960-களில் ஒமாஹா நகர மருத்துவர் ஹென்றி லிஞ்ச் இதேபோன்ற குடும்பங்களைத் தேடித் தேடிப் பதிவுசெய்தார். காரணமான மரபணுக்கள் 1993-இலிருந்து ஒவ்வொன்றாகப் பிடிபட்டன. இன்று இதற்கு லிஞ்ச் சிண்ட்ரோம் என்றே பெயர்.

செல் பிரியும்போதெல்லாம் அதிலுள்ள டிஎன்ஏ முழுவதும் நகலெடுக்கப்படுகிறது. நகலில் விழும் பிழைகளை, அச்சகத்துப் பிழைதிருத்துநர் போல, சில புரதங்கள் உடனுக்குடன் திருத்துகின்றன. அவற்றை உருவாக்கும் மரபணுக்களில் முக்கியமானவை நான்கு: எம்எல்எச்1, எம்எஸ்எச்2, எம்எஸ்எச்6, பிஎம்எஸ்2. ஒவ்வொன்றிலும் அப்பாவிடமிருந்து ஒரு பிரதி, அம்மாவிடமிருந்து ஒரு பிரதி நமக்கு உண்டு. லிஞ்ச் உள்ளவருக்குப் பிறவியிலேயே ஒரு பிரதி பழுது. இன்னொன்று வேலை செய்யும்வரை தொந்தரவில்லை. ஏதோ ஒரு செல்லில் அதுவும் கெட்டால், அங்கே பிழைகள் குவிந்து புற்றாகின்றன.

பெற்றோரில் ஒருவருக்கு இந்தப் பழுது இருந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வர 50 சதவீத வாய்ப்பு. ஆண், பெண் பேதமில்லை. கருப்பைப் புற்றுநோயும் சேர்ந்து வருவதால் இது அம்மா வழிச் சமாச்சாரம் என்று நினைக்கிறவர்கள் உண்டு, அது தவறு. அப்பாவுக்கு ஒன்றுமே வராமல் மகளுக்கு வரலாம்.

ஆபத்தின் அளவு மரபணுவுக்கு மரபணு மாறும். எம்எல்எச்1 பழுதானால் 80 வயதுக்குள் பெருங்குடல் புற்றுநோய் வரும் வாய்ப்பு ஏறக்குறைய பாதிக்குப் பாதி. பிஎம்எஸ்2 என்றால் 20 சதவீதத்துக்குள் அடங்கிவிடும். அதனால், “ஜீன் கோளாறு இருக்கிறது” என்று மொட்டையாகக் கேட்டுக்கொண்டு வருவதில் பயனில்லை. எந்த மரபணு என்று கேளுங்கள்.

சாதாரணமாகக் குடலில் முளைக்கும் பாலிப் என்னும் சிறு சதை வளர்ச்சி புற்றாக மாறப் பத்து ஆண்டுகள் போல ஆகும். லிஞ்ச் உள்ளவர்களுக்கு அது இரண்டு மூன்று ஆண்டுகளில் முடிந்துவிடலாம். மற்றவர்களுக்குப் பத்தாண்டுக்கு ஒருமுறை போதுமான கொலனோஸ்கோப்பி (குடலுக்குள் கேமராக் குழாய் விட்டுப் பார்க்கும் சோதனை) இவர்களுக்கு ஓரிரு ஆண்டுக்கு ஒருமுறை தேவைப்படுவது இதனால்தான். எம்எல்எச்1, எம்எஸ்எச்2 என்றால் 20-25 வயதிலேயே தொடங்க வேண்டும். மற்ற இரண்டுக்கும் 30-35. முந்தைய நாள் நீராகாரம், பேதி மருந்து, இரவெல்லாம் கழிவறைக்கு நடை என்று சிரமம்தான். ஆனால் இந்தச் சோதனை நோயைக் கண்டுபிடிப்பதோடு நிற்பதில்லை. பாலிப் தென்பட்டால் அங்கேயே கம்பிச் சுருக்குப் போட்டு அறுத்து எடுத்துவிடுவார்கள். பின்லாந்தில் இத்தகைய குடும்பங்களை 15 ஆண்டுகள் கவனித்தார்கள். மூன்றாண்டுக்கு ஒருமுறை சோதித்துக்கொண்டவர்களிடம் குடல் புற்றுநோய் 62 சதவீதம் குறைவு; அந்தக் குழுவில் ஒருவர்கூடக் குடல் புற்றுநோயால் இறக்கவில்லை.

கருப்பைக்கு இவ்வளவு நம்பகமான சோதனை இல்லை. மாதவிடாய் நின்றபின் ரத்தம் பட்டாலோ, இடையில் அசாதாரணமாகப் போக்கு இருந்தாலோ தள்ளிப்போடக் கூடாது. குழந்தைப்பேறு முடிந்தபின், 40 வயதையொட்டிக் கருப்பையையும் சினைப்பைகளையும் அகற்றுவது பற்றி மருத்துவர் பேசுவார். தினமும் ஆஸ்பிரின் எடுத்துக்கொண்ட லிஞ்ச் நோயாளிகளிடம் பல ஆண்டுகள் கழித்துக் குடல் புற்றுநோய் குறைந்ததை பிரிட்டன் மருத்துவர் ஜான் பர்ன் தலைமையிலான ஆய்வு காட்டியது. அதற்காக மருந்துக்கடையில் தானாக வாங்கி விழுங்க வேண்டாம். வயிற்றில் ரத்தக்கசிவு வரக்கூடும்.

சரி, இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? நோய் வந்தவரிடமிருந்துதான் தொடங்க வேண்டும். பயாப்ஸிக்கு எடுத்த சதைத்துண்டு மெழுகில் பதித்து ஆய்வகத்தில் இருக்கும். அதை மெல்லியதாகச் சீவி, நான்கு புரதங்களுக்கும் சாயமேற்றிப் பார்ப்பார்கள். புரதம் இருந்தால் செல்லின் கரு பழுப்பாகத் தெரியும். இல்லையென்றால் நீலமாகவே நிற்கும். இது சந்தேகத்தை எழுப்பும் சோதனைதான், முடிவல்ல. அடுத்து ரத்தத்தில் மரபணுப் பரிசோதனை. பழுது உறுதியானால் உடன்பிறந்தவர்களும் 18 வயது கடந்த பிள்ளைகளும் அதே இடத்தை மட்டும் சோதித்தால் போதும். பழுது இல்லை என்று வந்தவர் அடிக்கடி கொலனோஸ்கோப்பி செய்துகொள்வதிலிருந்து விடுபடலாம்.

தமிழ்க் குடும்பங்களில் இதற்குப் பெரிய தடை வெட்கமும் கல்யாணக் கவலையும். “வயித்துக் கட்டி” என்று சொல்லிப் பெரியப்பா கதையை முடித்துவிடுகிறோம். மலத்தில் ரத்தம் போனால் மூலம் என்று நாமே தீர்ப்பெழுதிவிடுகிறோம். பெண் கேட்டு வருகிறவர்களிடம் மறைத்த நோய், அந்தப் பெண்ணிடமே மறைக்கப்படுகிறது. மாமன் மகள், அத்தை மகன் திருமண வழக்கத்தில் இன்னொரு ஆபத்தும் உண்டு. கணவன், மனைவி இருவரும் ஒரே பழுதைச் சுமந்தால், குழந்தைக்கு இரு பிரதியும் பழுதாக வர 25 சதவீத வாய்ப்பு. அப்படிப் பிறக்கும் குழந்தைகளுக்குச் சிறுவயதிலேயே மூளைக்கட்டியோ ரத்தப் புற்றுநோயோ வரக்கூடும். சொந்தத்தில் முடிக்கும் முன் இதைப் பேசிவிடுவது ஜாதகம் பார்ப்பதைவிட முக்கியம் என்பது என் கட்சி.

உங்கள் வீட்டில் யாருக்காவது குடலிலோ கருப்பையிலோ புற்றுநோய் வந்திருந்தால், அதிலும் 50 வயதுக்குள் வந்திருந்தால், சிகிச்சைக் கோப்பை எடுத்துக்கொண்டு போய், அந்த நான்கு புரதங்களுக்கான சோதனை செய்யப்பட்டதா என்று மருத்துவரிடம் கேளுங்கள். செய்யவில்லை என்றால், ஆய்வகத்தில் உள்ள மெழுகுத் துண்டிலேயே இப்போதும் செய்ய முடியுமா என்று கேளுங்கள்.