இருதயத் தசையும் நுண்குமிழிகளும்

உடல் முழுவதற்கும் இரத்தத்தை அனுப்பும் இருதயம், தன் தசைக்கு வேண்டிய இரத்தத்தைக் கொரோனரி நாளங்கள் வழியே பெறுகிறது. அவற்றில் அடைப்பு நேர்ந்தால் தசை நலிகிறது. அத்தசையின் நுண்ணிய தந்துகிகளில் இரத்தம் ஓடுவதைக் கேளா ஒலியால் காண்பது எங்ஙனம் என்பதை மாணவர்களாகிய உங்களுக்கு விளக்க விரும்புகிறேன்.

இரத்தம் ஒலியை மிகச் சிறிதளவே எதிரொலிக்கும். ஆகவே, மெல்லிய கொழுப்புறைக்குள் வாயு அடைத்த நுண்குமிழிகளைக் கைச்சிரை வழியே செலுத்துகின்றனர். இவை பெரும்பாலும் சிவப்பணுக்களைவிடச் சிறியவை. நுரையீரலைக் கடந்து இருதயத் தசையை அடைகின்றன.

வலிய ஒலி பட்டால் குமிழி உடைந்துவிடும். மெல்லிய ஒலி பட்டால் விரிந்தும் சுருங்கியும் தனக்கே உரிய எதிரொலியைத் தரும். தசை அத்தகைய ஒலியை அவ்வளவாகத் தருவதில்லை. ஆதலால், ஒலியின் வன்மையைக் காட்டும் 'மெக்கானிகல் இண்டெக்ஸ்' என்னும் எண்ணை 0.2-க்குக் கீழே வைக்கின்றனர்.

கிணற்றின் ஊற்றை அறிய விரும்புவோர், நீரை இறைத்துவிட்டு அது எவ்வளவு விரைவில் ஊறுகிறது என்று பார்ப்பார்கள் அல்லவா? இங்கும் அதே முறைதான். நொடிப்பொழுது வலிய ஒலியைச் செலுத்தித் தசையிலுள்ள குமிழிகளை உடைத்துவிட்டு, புதியவை நிரம்புவதைக் கவனிக்கின்றனர். தந்துகியில் இரத்தம் விநாடிக்குச் சுமார் 1 மில்லிமீட்டர் நகர்கிறது. ஒலிக்கற்றையின் தடிப்பு சுமார் 5 மில்லிமீட்டர். ஆகவே ஓய்வில் சுமார் 5 விநாடியில் தசை மீண்டும் ஒளிரும். இருதயத்தின் உழைப்பு மிகும்போது 2 விநாடியே போதும். தாமதமானால் ஓட்டம் குறைந்ததென ஐயுறலாம். அமெரிக்காவில் கெவின் வெய், சஞ்சீவ் கால் முதலியோர் 1998-இல் இம்முறையை வெளியிட்டனர்.

இதில் கருவியைச் சீராக அமைப்பதே உயிர்நாடி. ஒலியின் குவியம் இருதய முனையருகே அமைந்தால், அங்குள்ள குமிழிகள் வீணே உடையும். நலமான தசையும் இருண்டு, நோயுற்றதுபோல் தோன்றும். ஆகையால் குவியத்தை மைட்ரல் வால்வின் மட்டத்திற்குத் தாழ்த்துகின்றனர். எதிரொலியைப் பெருக்கும் அளவை மிகுதியாக வைத்தால், இரத்தமில்லாத தசையும் ஒளிர்வதுபோல் ஏமாற்றும். எனவே குமிழிகள் வருமுன் தசை இருண்டிருக்குமாறு அதனைத் திருத்திக்கொள்ள வேண்டும். குமிழிகளை மிகுதியாகச் செலுத்தினாலோ, அவற்றின் நிழல் பின்புறத் தசையை மறைத்துவிடும்.

இல்லாத நோயைக் காட்டுவதும், இருக்கும் நோயை மறைப்பதும் ஒருசேர இவ்வமைப்புகளில் அடங்கியுள்ளன. ஆதலின், திரையில் தோன்றும் இருளைக் கண்டவுடன் நோயென முடிவு கட்டாமல், முதலில் கருவியை ஐயுற்றுச் சோதிப்பதே நல்ல மருத்துவரின் இலக்கணமாகும்.