ஜெட்டா, சிறு விமானமா?

கடலாடிப் பக்கத்து வாலிபர்கள் விமானியாக விரும்புவதில் வியப்பில்லை. இராமேசுவரத்து அப்துல் கலாமும் விரும்பினார். ஆகாயப்படைத் தேர்வில் 25 பேரில் ஒன்பதாமவராய் நின்றார், எடுக்கப்பட்டவர் எட்டுப் பேரே. இன்றோ, ஒரே வாலிபனுக்கு இரு கம்பெனிகளிலிருந்து துணை விமானி உத்தியோகம் வருவதுமுண்டு: ஒன்று பெரிய ஜெட்டில், மற்றது சிறிய புரொபெல்லர் விமானத்தில். எதை ஏற்பது? கடன்பட்டுப் படிக்க வைத்த தகப்பனார் சம்பளத்தைத்தான் கேட்பார்; அவர்மேல் குற்றமில்லை.

நாம் கேட்பது வேறு. வர்த்தக லைசென்ஸுக்கு 200 மணி நேரப் பறத்தல் போதும். காப்டனுக்குரிய லைசென்ஸுக்கோ 1,500 மணி நேரம் வேண்டும். அதை விரைவில் தருவது எது? காப்டன் ஆசனம் எங்கே முந்திக் காலியாகும்? ஜெட் அனுபவத்தையே மதிக்கும் வெளிநாட்டுக் கம்பெனிகள் உண்டென்பதை மறுக்கோம். ஆயினும் சிறு விமானத்தில் தலைமை முந்திக் கிடைக்குமாயின் அதனையே சிபாரிசு செய்வோம், கம்பெனி ஸ்திரமானதாயிருந்தால். 2012இல் கிங்ஃபிஷரும், 2019இல் ஜெட் ஏர்வேஸும், 2023இல் கோ ஃபர்ஸ்டும் பறப்பதை நிறுத்தின. பல்லாண்டு சேர்த்த சீனியாரிட்டி அன்றே போயிற்று; புதிய இடத்தில் பெரும்பாலும் வரிசையின் கடைசிதான்.

ஒப்பந்தப் பத்திரத்தையும் வாசிக்க வேண்டுகிறோம். விலகுவதற்குத் துணை விமானி ஆறு மாதமும் காப்டன் ஓராண்டும் முன்னறிவிப்புத் தரவேண்டுமென 2017இல் விதி செய்தார்கள். பயிற்சிச் செலவுக்காகக் கம்பெனி கேட்கும் ஜாமீன் தொகை எவ்வளவு, எத்தனை ஆண்டுக்கு என்றறியாமல் கையெழுத்திடலாகாது.