உழுத நிலத்தின் பூக்கள்

இத்தாலிப் பயணத்துக்குத் திட்டம் போடுகிறவர்கள் பூக்களைப் பற்றிக் கேட்கும் முதல் கேள்வி, எந்த ஊருக்குப் போனால் பார்க்கலாம் என்பதுதான். சூரியகாந்திக்கு டஸ்கனி, பாதாம் பூவுக்கு சிசிலி என்று பதிலும் உடனே கிடைத்துவிடுகிறது. அதை நம்பிப் போய், அறுவடை முடிந்த தாளையும் உழுதுபோட்ட மண்ணையும் பார்த்துத் திரும்புவது எளிதில் நடக்கக்கூடியது. அந்தக் கேள்வியை மாற்றிக் கேட்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன். இத்தாலியின் நாட்டுப்புறத்தில் கண்ணை நிறைக்கும் பூக்களில் பெரும்பகுதி, பருப்புக்காகவும் எண்ணெய்க்காகவும் தீவனத்துக்காகவும் பழத்துக்காகவும் நடக்கும் வேளாண்மையோடு சேர்ந்து வருபவை. விதைப்பு, அறுப்பு, மேய்ச்சல் ஆகியவற்றின் காலக்கணக்குதான் அவற்றின் காலக்கணக்கு. எந்தப் பயிர், எத்தனை உயரத்தில், எந்த மாதத்தில் என்று கேட்டுப் போகிறவருக்கு ஜனவரி முதல் அக்டோபர் வரை ஏதோ ஒரு மூலையில் பூக்காலம் காத்திருக்கும்.

இதற்கு மிகத் தெளிவான சான்று உம்ப்ரியா மாநிலத்தின் காஸ்தெல்லூச்சோ. நோர்ச்சா நகரத்திலிருந்து வளைந்து ஏறும் மலைப்பாதை, 1,452 மீட்டர் உயரத்தில் இருக்கும் அந்தச் சிற்றூருக்குக் கொண்டுபோய்விடும். ஊருக்குக் கீழே பியான் கிராந்தே என்னும் பரந்த சமவெளி. எதிரே 2,476 மீட்டர் உயர வெத்தோரே மலை. முன்னொரு காலத்தில் ஏரியாக இருந்து வற்றிய படுகை என்பதால் நிலம் மேசைபோல் தட்டையாகக் கிடக்கிறது. அங்கே விளைவது நம் வீட்டு மைசூர்ப் பருப்பின் இனத்தைச் சேர்ந்த, தோலோடு சமைக்கிற சின்னஞ்சிறு பருப்பு. பனி உருகிய பிறகு வசந்தத்தில் விதைத்து, ஜூலைக் கடைசியிலும் ஆகஸ்டிலும் அறுக்கிறார்கள். இடைப்பட்ட காலத்தில், மே இறுதியிலிருந்து ஜூலை நடுப்பகுதிவரை, அந்த வயல்கள் நிறம் மாறிக்கொண்டே இருக்கின்றன. முதலில் காட்டுக் கடுகின் மஞ்சள், பிறகு பாப்பியின் சிவப்பு, கூடவே சாமந்தி வகைகளின் வெள்ளை, கடைசியில் கார்ன்ஃப்ளவரின் அடர்நீலம். இவற்றில் எதையும் யாரும் விதைக்கவில்லை. எல்லாமே களைகள்.

களை இங்கே மட்டும் ஏன் இப்படிப் பொங்குகிறது என்று பார்த்தால் விஷயம் விளங்கும். பாப்பி விதை மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உறங்கிக் கிடக்கும்; ஏர் மண்ணைப் புரட்டி அதன்மேல் வெளிச்சம் படும்போது முளைக்கும். உழாத நிலத்தில் புல் மூடிக்கொண்டால் அதற்கு வாய்ப்பே இல்லை. பருப்புச் செடியோ முழங்காலுக்குக் கீழே நிற்பது. நெருக்கமாக வளரும் கோதுமையைப்போல் நிழலால் களையை அடக்க அதனால் முடியாது. அகன்ற இலைக் களைகளைக் கொல்லும் மருந்தை அடித்தால், அதே வகை இலை கொண்ட பருப்புச் செடியும் சேர்ந்து சாகும் ஆபத்து உண்டு. அதனால் இந்த மேட்டுநிலத்தில் களைக்கொல்லி இல்லாத பழைய முறையே நிலைத்திருக்கிறது. தாழ்நிலங்களில் கோதுமை வயல்களிலிருந்து பாப்பியும் கார்ன்ஃப்ளவரும் பெருமளவு விரட்டப்பட்டுவிட்டன. ஐரோப்பாவின் பல பகுதிகளில் கார்ன்ஃப்ளவர் அருகிப்போனதற்கு மருந்து ஒரு காரணம். விதைநெல்லைப் போலவே விதைக்கோதுமையையும் சுத்தமாகச் சலித்துவிடும் நவீன வழக்கம் இன்னொரு காரணம். காஸ்தெல்லூச்சோவில் நாம் பார்ப்பது, ஒருகாலத்தில் ஐரோப்பிய வயல்கள் எங்கும் சாதாரணமாக இருந்த ஒரு காட்சியின் மிச்சம்.

இந்தப் பூக்கள் உழவரை எவ்வளவு சார்ந்திருக்கின்றன என்பதை 2016 காட்டியது. அந்த ஆண்டு அக்டோபர் 30 அன்று 6.5 அளவில் நடந்த நிலநடுக்கம் காஸ்தெல்லூச்சோவின் பெரும்பகுதியை இடித்துத் தள்ளியது, மலைப்பாதைகளும் சிதைந்தன. வயல் அங்கேயே இருந்தது, விதைக்கப் போக வழிதான் இல்லை. 2017 வசந்தத்தில் உழவர்கள் டிராக்டர்களை வரிசையாக மலையேற்றி விதைத்தார்கள். அந்தக் கோடையிலும் சமவெளி பூத்தது. அவர்கள் போகாமல் விட்டிருந்தால், இயற்கை தன் வழியில் அங்கே புல்லைத்தான் வளர்த்திருக்கும்.

மனிதர் கை படாத இடத்தில்தானே உண்மையான காட்டுப்பூ இருக்கும் என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆல்ப்ஸ் மலையின் புல்வெளிகளைப் பார்க்கிற யாருக்கும் அவை ஆதிகாலத்திலிருந்தே அப்படி இருப்பதாகத்தான் தோன்றும். வடக்கே தோலோமிதி மலைகளில் உள்ள ஆல்பே தி சியூசி, ஏறத்தாழ 56 சதுர கிலோமீட்டர் பரப்பில் விரிந்த மலைப்புல்வெளி. மே மாதத்தில் பனி விலகும் ஓரங்களில் குரோகஸ் தலைகாட்டும். ஜூனிலும் ஜூலைத் தொடக்கத்திலும் ஜென்ஷியனின் நீலமும் ஆர்னிகாவின் மஞ்சளும் கலந்திருக்கும். இந்தப் புல்வெளியின் பெரும்பகுதி மரங்கள் வளரக்கூடிய உயரத்தில்தான் இருக்கிறது. குளிர்காலத் தீவனத்துக்காக மக்கள் ஆண்டுதோறும் புல் அறுப்பதால்தான் அது வெளியாக நிற்கிறது. அறுப்பை நிறுத்தினால் முதலில் புதர், பிறகு லார்ச் மரமும் ஸ்ப்ரூஸ் மரமும் வந்து சூழும். மலைவேளாண்மை கைவிடப்பட்ட இடங்களில் இத்தாலி முழுக்க இது நடந்துகொண்டிருக்கிறது. சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து அந்நாட்டின் காட்டுப்பரப்பு பெரிதும் கூடியிருக்கிறது. காடு கூடுவது நல்லதுதான். ஆனால் வெயில் தேடும் சிறு பூச்செடிகளுக்கு அங்கே இடமில்லை. அளவுக்கு மீறி எருப் போட்டாலும் இதே கதிதான்: தடித்த புல் செழித்து, மற்றவற்றை மூடிவிடும். குறைவாக எருவிட்டு, பூ விதையான பின் அறுக்கிற நிலத்தில்தான் வகைவகையான பூக்கள் நிற்கும். ஆல்பே தி சியூசிக்குப் போகிறவர்கள் அறுப்புக்கு முன்பே போய்விட வேண்டும். பகல்நேரத்தில் வெளியார் கார்களுக்குத் தடை உண்டு என்பதால் கேபிள் காரில் ஏறுவதே நல்லது.

மரப்பூக்களின் கதையும் இதுவே. சிசிலியின் அக்ரிஜென்தோவில், கிறிஸ்துவுக்கு முந்தைய ஐந்தாம் நூற்றாண்டின் கிரேக்கக் கோயில்களைச் சுற்றி, ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் தொடக்கம்வரை பாதாம் மரங்கள் இலை விடும் முன்பே பூக்கும். அங்கே நடக்கும் பாதாம் பூ விழா 1934இல் அருகிலுள்ள நாரோ என்னும் ஊரில் தொடங்கி, 1937இல் அக்ரிஜென்தோவுக்கு வந்தது. உலகச் சந்தையைக் கலிபோர்னியா பாதாம் நிறைத்துவிட்ட பிறகு சிசிலியின் பழைய தோப்புகள் பல கவனிப்பாரின்றிப் போயின. கோயில் பள்ளத்தாக்கிலேயே உள்ளூர்ப் பாதாம் வகைகளைச் சேகரித்து வளர்க்கும் தோப்பு ஒன்று இருப்பது அதனால்தான் முக்கியம். வடக்கே திரெந்தினோ பகுதியின் வால் தி நோன் பள்ளத்தாக்கு, ஏப்ரலில் ஆப்பிள் பூவால் வெளுத்துப்போகும். உறைபனி வரும் இரவுகளில் உழவர்கள் பூக்களின்மேல் தொடர்ந்து தண்ணீர் தெளிக்கிறார்கள். தண்ணீர் பனிக்கட்டியாகும்போது வெளிவிடும் வெப்பம் பூவைச் சுழிய டிகிரியை ஒட்டியே வைத்துக் காப்பாற்றுகிறது. விடிகாலையில் கண்ணாடிக்குள் அடைத்ததுபோல் தெரியும் அந்தப் பூக்களைக் காண வேண்டுமென்று நாம் விரும்பலாம்; அவற்றின் சொந்தக்காரருக்கு அது தூக்கமில்லாத ஓர் இரவு.

சூரியகாந்தியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. டஸ்கனி, உம்ப்ரியா, மார்க்கே மாநிலங்களில் ஜூன் கடைசியிலும் ஜூலையிலும் பூக்கும். ஆகஸ்டில் தலை கவிழ்ந்துவிடும். ஒரே வயலில் ஆண்டுதோறும் போடமாட்டார்கள், கோதுமையோடு மாற்றி மாற்றி விதைப்பார்கள். சென்ற ஆண்டின் புகைப்படத்தில் பார்த்த வயலைத் தேடிப் போவது பயன் தராததற்குக் காரணம் இதுதான். முற்றிய பூ சூரியனோடு சுற்றுவதில்லை, கிழக்கு நோக்கியே நிற்கும். ஆகவே காலையில், வயலின் கிழக்குப் பக்கம் நின்று பார்க்க வேண்டும். அதைவிட நான் பரிந்துரைப்பது பலரும் கேள்விப்படாத சுல்லா. களிமண் குன்றுகளில் தீவனத்துக்காக விதைக்கும் பயறுக் குடும்பச் செடி. மண்ணில் தழைச்சத்தைச் சேர்க்கும், தேனீக்களுக்கு நல்ல மேய்ச்சல். சிசிலியில் ஏப்ரல், மே மாதங்களிலும், டஸ்கனியின் சியன்னா பக்கத்துக் குன்றுகளில் சற்றுப் பின்னரும், குன்றுச் சரிவு முழுக்கக் குருதிச் சிவப்பாகும். ஜூலைக் கூட்டத்தின் நெருக்கடி அப்போது இருக்காது.

இவ்வளவு அலைச்சல் எதற்கு, தோட்டங்கள் இருக்கின்றனவே என்பது அடுத்த மறுப்பு. ரோமுக்குத் தெற்கே நின்ஃபா என்னும் தோட்டம் இருக்கிறது. 1381இல் அழிக்கப்பட்ட ஓர் ஊரின் இடிபாடுகளுக்குள் கயத்தானி குடும்பம் சென்ற நூற்றாண்டில் வளர்த்தது. அதன் அழகை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். முன்பதிவு கிடைத்தால் கட்டாயம் போகலாம். ஆனால் தோட்டம் ஒரு குடும்பத்தின் ரசனையைக் காட்டும். ஒரு நிலப்பகுதி எப்படிப் பிழைக்கிறது என்பதை வயல்தான் காட்டும். அதற்கு வேறோர் இடத்தில் மாற்று இல்லை.

நாள் குறிப்பதுதான் நம்மைப் போன்றவர்களுக்கு உண்மையான சிக்கல். விசாவுக்கும் விமானத்துக்கும் பல மாதங்களுக்கு முன்பே தேதியைத் தீர்மானிக்க வேண்டும்; பூவோ மழையையும் வெயிலையும் பார்த்து ஒரு வாரம் முந்தும், ஒரு வாரம் பிந்தும். இதற்கு உயரம் கைகொடுக்கிறது. பொதுவாக ஒவ்வொரு 100 மீட்டர் ஏற்றத்துக்கும் வசந்தம் மூன்று நான்கு நாள் தாமதமாகிறது. ரோமைச் சுற்றிய தாழ்நிலத்தில் மே தொடக்கத்தில் சிவக்கும் பாப்பி, ஏறக்குறைய 1,300 மீட்டர் உயரத்தில் இருக்கும் காஸ்தெல்லூச்சோ வயல்களில் ஜூன் மூன்றாம் வாரத்தில் சிவப்பதற்கு அந்தக் கணக்கே போதும். ஒரே இடத்தில் அறை எடுத்துவிட்டுக் காத்திருக்காமல், கடலோரமும் மலையும் இரண்டு மணிநேரப் பயணத்துக்குள் வரும் நடு இத்தாலியில் தங்கினால், கீழே முடிந்துவிட்டதை மேலே பிடித்துவிடலாம்.

எனக்கே கனமாகத் தோன்றும் மறுப்பு, பார்வையாளர்களே இந்தப் பூக்களுக்குக் கேடு அல்லவா என்பது. படத்துக்காக வயலுக்குள் இறங்குகிறவர்கள் மிதிப்பது ஒரு குடும்பத்தின் ஆண்டு வருமானத்தை. பூக்காலத்து வார இறுதிகளில் காஸ்தெல்லூச்சோவுக்குக் கார்களைக் கட்டுப்படுத்திப் பேருந்து விடும் ஏற்பாடு வந்தது வீணாக அல்ல. ஆனாலும் போகாமல் இருப்பது தீர்வாகாது. களை விளைச்சலைக் குறைக்கும் என்பது உழவருக்குத் தெரியும். பாப்பியைப் பொறுத்துக்கொண்டு பயிர் செய்ய அவருக்கு வேறு ஈடு வேண்டும். 1997இல் இந்தப் பருப்புக்கு ஐரோப்பியப் புவிசார் குறியீடு கிடைத்தது. அதனால் சாதாரணப் பருப்பைவிடப் பலமடங்கு விலைக்கு அது விற்கிறது. வேலை நாளில் போய், வரப்போடு நின்று, ஊரிலேயே ஒரு கிலோ பருப்பு வாங்கிவருவது பூவுக்குக் கொடுக்கும் நேரடிக் கூலி.

கோடையில் போக முடியாதவருக்கு அக்டோபர் இருக்கிறது. அப்ரூட்ஸோ மாநிலத்தில், லாக்குவிலாவுக்கு அருகே நவெல்லி மேட்டுநிலத்தில் அப்போது குங்குமப்பூ எடுக்கிறார்கள். மற்றப் பல நாடுகளில் கிழங்கை மண்ணிலேயே சில ஆண்டுகள் விட்டுவைப்பார்கள்; இங்கே ஆண்டுதோறும் தோண்டி, தேர்ந்து, ஆகஸ்டில் மறுபடி நடுகிறார்கள். ஒரு கிலோ உலர்ந்த குங்குமப்பூவுக்கு ஒன்றரை லட்சத்துக்கும் மேல் பூ வேண்டும். பூ விரிந்துவிட்டால் உள்ளிருக்கும் சிவப்பு இழைகளின் தரம் குறையும் என்பதால், விடியற்காலையில் மொட்டாக இருக்கும்போதே பறித்துவிடுவார்கள். காலைச் சிற்றுண்டி முடித்துவிட்டுப் போனால் வயலில் ஊதா நிறம் இருக்காது, கூடைகள் வீட்டுக்குப் போயிருக்கும். அங்கே மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஒவ்வொரு பூவிலிருந்தும் மூன்று இழைகளைப் பிரித்து, மரக்கரி அனலில் உலர்த்துவதைப் பார்க்கலாம். வயலைப் பார்க்க விரும்புகிறவர்கள் அந்த ஊரிலேயே இரவு தங்கி, பறிக்கிறவர்களோடு சேர்ந்து எழுந்துகொள்ள வேண்டும்.