ருசித்தால் போதுமா?

லண்டனில் பிராட் தெரு என்று ஒரு தெரு. அங்கே ஒரு கைபம்பு. அந்தத் தண்ணீர் ருசிக்குப் பேர்போனது. அந்தத் தெருவில் முன்பு குடியிருந்த ஓர் அம்மாள், ஹாம்ஸ்டெட் என்ற தொலைவான பகுதிக்குக் குடிபோன பிறகும் அந்தத் தண்ணீரையே வண்டியில் வரவழைத்துக் குடித்துவந்தார். 1854-இல் பிராட் தெருவில் காலரா பரவியது. அந்த நோய் பரவாத ஹாம்ஸ்டெட்டில் அந்த அம்மாளும் காலராவில் இறந்துபோனார். ஜான் ஸ்னோ என்ற டாக்டருக்கு, நோய் தண்ணீர் வழியாகத்தான் வருகிறது என்று காட்ட வலுவான துப்பு கிடைத்தது. பிற்பாடு தோண்டிப் பார்த்தால், பம்புக் கிணற்றை ஒட்டி ஒரு மலக்குழி கசிந்துகொண்டிருந்தது!

கிருமிக்கு ருசி கிடையாது. நாக்கு ஏமாந்துவிடும்.

இப்போது நம் வீட்டுக் குழாய்க்கு வருவோம். சில நாள் தண்ணீரில் பிளீச்சிங் பவுடர் வாடை அடிக்கும். முகத்தைச் சுளிக்காதீர்கள். ஏரித் தண்ணீரில் படிகாரம் போட்டு, சேற்றைத் தெளியவைத்து, மணல் படுகையில் வடிகட்டிய பிறகு கடைசியாகக் குளோரின் சேர்க்கிறார்கள். கிருமியைக் கொன்றபின் கொஞ்சம் மிச்சம் இருக்க வேண்டும், லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது. ஏன் தெரியுமா? தண்ணீர் விடாத நேரத்தில் குழாய் காலியாகக் கிடக்கும். எங்காவது விரிசல் இருந்தால், வெளியே தேங்கிய சாக்கடை உள்ளே புகுந்துவிடும். அந்த மிச்சக் குளோரின்தான் வழிநெடுகக் காவல். ஆனால் நிறையச் சாக்கடை புகுந்தால் அதுவும் தோற்றுவிடும். அதனால் தண்ணீர் விட்டதும் கலங்கலாக வருவதைப் பிடிக்கவே கூடாது.

குளோரின் இருக்கிறதா என்று பார்ப்பது சுலபம். ஊர் மேல்நிலைத் தொட்டியைப் பார்த்துக்கொள்பவரிடம் கேளுங்கள். சின்னக் கண்ணாடிக் குழாயில் தண்ணீர் எடுத்து, சில சொட்டு மருந்து விடுவார். வெளிர்மஞ்சளாக மாறினால் குளோரின் உண்டு. நிறம் மாறவே இல்லையென்றால் இல்லை. (சோதித்த தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும், குடிக்கக் கூடாது.)

அப்புறம், வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அது பெரும்பாலும் சுண்ணாம்பு உப்பு. சோப்பு நுரைக்காது, பருப்பு வேகாது, அம்மாவுக்கு எரிச்சல் வரும். மற்றபடி அதனால் பெரிய கெடுதல் இல்லை. ஃபுளோரைடு அப்படியல்ல. தண்ணீரில் இருப்பதே நாக்குக்குத் தெரியாது. அளவு மீறினால் பல்லில் பழுப்புக் கறை விழும், எலும்பும் கெடும். தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்து நிலத்தடி நீரில் இந்தத் தொல்லை அதிகம். ஒகேனக்கல்லிலிருந்து காவிரித் தண்ணீரைக் குழாய் போட்டுக் கொண்டுவந்ததே அதற்காகத்தான். காய்ச்சினாலும் ஃபுளோரைடு போகாது.

கிருமிக்கு மட்டும் காய்ச்சுவதே கைகண்ட வழி. தளதளவென்று ஒரு நிமிடம் கொதித்தால் போதும். "காய்ச்சின தண்ணி சப்புன்னு இருக்கே!" என்கிறீர்களா? கொதிக்கும்போது அதில் கரைந்திருந்த காற்று வெளியேறிவிடுகிறது. ஆறியதும் இரண்டு சுத்தமான டம்ளரில் காபி ஆற்றுவதுபோல் உயர்த்தி ஆற்றுங்கள். காற்று மறுபடி கரைந்து, பழைய ருசி திரும்பிவிடும்.