தொட்டி மண்ணுக்கு உமிக்கரி போதும்

வாடின தொட்டிச் செடியைப் பிடுங்கிப் பாருங்க. வேர் அழுகியிருந்தா மண்ணுக்குள்ள காற்று போகலைன்னு அர்த்தம். கல்வராயன் அடிவாரச் செம்மண்ணை மட்டும் நிரப்பினா, தண்ணி ஊத்த ஊத்த இறுகிடும்.

இதுக்குப் பெர்லைட் வாங்கச் சொல்றாங்க. எரிமலைக் கண்ணாடியைச் சூடாக்கிப் பொரிச்ச சரக்கு அது. நெல் விளையிற கள்ளக்குறிச்சியில அது வீண் செலவுன்னுதான் தோணுது. உமியில சிலிக்கா அதிகம், அதனால உமிக்கரி சீக்கிரம் மட்காது, துளைகளும் நிலைக்கும். ஆனா கருப்பா இருக்கும்போதே தண்ணி தெளிச்சு அணைச்சிடணும். வெள்ளைச் சாம்பலாயிட்டா துளையை அடைக்கும், காரத்தன்மையும் ஏறும்.

என் கணக்கு: செம்மண் 2 பங்கு, உப்பு போக அலசின தென்னைநார்க் கழிவு, மண்புழு உரம், உமிக்கரி தலா 1 பங்கு. மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை ஆலைப் பக்கம் இருக்கிறவங்க பிரஸ்மட் சேர்க்கலாம், நல்லா மட்கினது மட்டும். பச்சையா போட்டா சூடேறி வேர் வெந்துடும்.