நடுங்கும் கிரகமும் தெளிந்த படமும்

வியாழன் கிரகத்தைத் தொலைநோக்கியில் முதன்முறை பார்ப்பவர்கள் சற்று ஏமாற்றமடைவதுண்டு. ஓடும் நீரின் அடியில் கிடக்கும் காசைப்போல் அது நடுங்கிக்கொண்டே இருக்கும். இது கருவியின் குற்றமன்று, காற்றின் சேட்டை. வெப்பமும் குளிர்ச்சியுமான காற்றுத் திரள்கள் கலக்கும்போது, ஒளிக்கதிர்கள் இங்குமங்கும் வளைகின்றன. எட்டங்குலத் தொலைநோக்கி ஏறக்குறைய 0.6 விகலை அளவுள்ள நுட்பத்தையும் காட்டவல்லது. காற்றோ பெரும்பாலான இரவுகளில் அதை ஓரிரு விகலைக்கு மழுக்கிவிடுகிறது.

ஆயினும் காற்று இடையிடையே கணநேரம் அடங்கி நிற்கும். அந்த நற்கணங்கள் எத்தனைக்கு ஒன்று வாய்க்கும் என்பதை டேவிட் ஃபிரீட் என்ற விஞ்ஞானி 1978-இல் கணக்கிட்டுக் காட்டினார். அவற்றைப் பொறுக்கியெடுப்பதே நம் சூட்சுமம்.

கண்வில்லை இருக்குமிடத்தில் சிறு கேமராவைப் பொருத்தி, ஓரிரு நிமிஷம் வீடியோ எடுக்கிறேன். பல ஆயிரம் படங்கள் சேர்கின்றன. கணிப்பொறி அவற்றைத் தெளிவுக்கேற்ப வரிசைப்படுத்துகிறது. சிறந்தவற்றை மட்டும் வைத்துக்கொண்டு, ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்திச் சராசரி காண்கிறது. 100 படங்கள் சேர்ந்தால் தனிப்படத்திலுள்ள புள்ளி மாசு பத்திலொரு பங்காகும்; 900 சேர்ந்தால் முப்பதிலொரு பங்காகும். அப்படியானால் மணிக்கணக்கில் எடுக்கலாமே என்று கேட்கலாம். வியாழன் பத்து மணிக்கும் குறைவான நேரத்தில் ஒருமுறை சுழன்றுவிடுகிறது. தாமதித்தால் அதன் மேகங்கள் இடம் பெயர்ந்து படம் குழம்பும்.

இறுதியில் விளிம்புகளைக் கூர்மையாக்க வேண்டும். எச்சரிக்கை வேண்டியது இங்கேதான். அளவு மீறினால், இல்லாத வளையங்களும் கோடுகளும் தோன்றிவிடும். பெர்சிவல் லோவெல் செவ்வாயில் கண்டதாக வரைந்த கால்வாய்களை நினைவுகூர்வோம். 1965-இல் மாரினர் 4 விண்கலம் அனுப்பிய படங்களில் அவை காணப்படவில்லை. கண்ணுக்கு நேர்ந்த மயக்கம் கணிப்பொறிக்கும் நேரலாம். ஆகவே, அடுத்தடுத்து எடுத்த இரண்டு வீடியோக்களிலும் தென்படுவதையே நான் உண்மையென ஏற்கிறேன்.

இந்த நேர்மைக்குப் பயன் உண்டு. 2009 ஜூலை 19-இல் ஆஸ்திரேலியாவில் ஆன்டனி வெஸ்லி என்னும் பொழுதுபோக்கு வானியலர் வியாழனில் புதியதொரு கரும்புள்ளியைக் கண்டார். ஏதோவொரு வான்பொருள் மோதிய வடு அது. அவர் அறிவித்தபின், ஹவாய்த் தீவிலுள்ள பெரிய தொலைநோக்கியும், பின்னர் ஹப்பிளும் அவ்விடத்தை நோக்கின. இல்லாததைச் சேர்க்காத படமாக இருந்தால், வீட்டுக் கொல்லையில் எடுத்ததையும் விஞ்ஞானம் மதித்து ஏற்கும்.